விரசம் யாருடையது? புனேயின் பயில்முறை அரங்கும் ‘காஷிராம் கோத்வா’லும்

1972 டிசம்பர் 16 அன்று புனே நகரில் ஒரு பயில்முறை நாடகக் குழு விஜய் தெண்டுல்கர் எழுதிய ‘காஷிராம் கோத்வால்’ நாடகத்தை முதன்முறையாக மேடையேற்றியது. குழுவின் பெயர் ‘ப்ரோகிரெசிவ் டிராமாட்டிக் அசோசியேஷன்’; சுருக்கமாகப் பி.டி.ஏ. நெறியாளர் ஜப்பார் படேல் குழந்தை மருத்துவர். பேஷ்வாவின் மதியமைச்சர் நானா பட்ணவீஸாக நடித்த மோகன் ஆகாஷே மனநல மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். அதே வட்டத்தில் இருந்த சதீஷ் ஆளேகர் உயிர்வேதியியல் படித்தவர். பகலில் மருத்துவமனையிலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் இருந்தவர்கள் மாலையில் ஒத்திகைக்குக் கூடினார்கள். எவருக்கும் நாடகம் சோறு போடும் தொழிலாக இருக்கவில்லை.

அந்த நாடகம் பத்தொன்பது முறை நிகழ்ந்தது. அதன்பின் பால்பா கேள்கரின் தலைமையில் இயங்கிய பி.டி.ஏ. அதைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தது. பிராமணரை இழிவுபடுத்துகிறது, மராட்டிய வரலாற்றின் பெருமகன் ஒருவரைக் காமுகனாகக் காட்டுகிறது என்பன எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டுகள். இளைய உறுப்பினர்கள் குழுவிலிருந்து விலகி 1973 மார்ச் 27, உலக நாடக நாளன்று ‘தியேட்டர் அகாடமி’ என்ற புதிய அமைப்பைத் தொடங்கினர். 1974 ஜனவரியில் நாடகம் மீண்டும் மேடைக்கு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நடிக்கப்பட்டது.

இந்திய நாடக வரலாற்று நூல்கள் இந்நிகழ்வைப் பெரும்பாலும் ‘கருத்துரிமை எதிர் பிற்போக்கு’ என்ற சட்டகத்தில் வைத்தே பேசுகின்றன. அது தவறன்று. ஆயினும் அச்சட்டகத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. விரசமான பாட்டும் இரட்டைப் பொருள் பேச்சும் புனேக்குப் புதியன அல்ல. அந்நகரம் அவற்றை இருநூறு ஆண்டுகளாகக் கேட்டும் பார்த்தும் வந்திருக்கிறது. அப்படியிருக்க, 1972-இல் மட்டும் அது ஏன் பொறுக்க முடியாததாயிற்று? அந்த மேடையில் எது ஆபாசமாகப் பட்டது?

பன்னிருவர் சுவர்

நாடகத்தின் வடிவத்தை முதலில் காண்போம். மேடையில் பன்னிரண்டு ஆடவர் வரிசையாக நிற்கின்றனர். எல்லோரும் புனேப் பிராமணர் கோலம். இந்த வரிசை பாடுகிறது, அசைகிறது, பிளக்கிறது, மறுபடி மூடிக்கொள்கிறது. ஒரு கணம் அது தெரு. அடுத்த கணம் கோவில், தோட்டம், கூட்டம். முதுகு காட்டித் திரும்பிவிட்டால் அது மறைவு; அதன் பின்னால் நடப்பது நமக்குத் தெரியாது. விமர்சகர்கள் இதை ‘மனிதச் சுவர்’ என்றனர். கொங்கண் கடற்கரையின் ‘கேளே’ ஆட்டத்தில் கண்ட வரிசை நடனம் தெண்டுல்கருக்கு இதற்கான தூண்டுதல். இசையை பாஸ்கர் சந்தாவர்க்கரும் நடன அமைப்பைக் கிருஷ்ணதேவ் முல்குந்தும் வகுத்தனர்.

நாடகத்தின் பெரும்பகுதி பாட்டாலும் ஊமை அபிநயத்தாலும் நகர்கிறது. உரையாடல்கள் குறுகியவை. கதை இது: வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த காஷிராம் புனேயில் அவமானப்படுத்தப்படுகிறான், திருட்டுப் பழி சுமந்து சிறை செல்கிறான், இந்நகரைப் பழிவாங்குவேன் என்று சூளுரைக்கிறான். நானாவின் காமத்துக்குத் தன் மகள் கௌரியை விலையாகக் கொடுத்து நகரக் காவல் தலைவன் பதவியை, அதாவது கோத்வால் பதவியைப் பெறுகிறான். பின்னர் அவன் நடத்துவது கொடுங்கோலாட்சி. கௌரி இறந்துபோகிறாள். இறுதியில் நானாவே அவனைக் கூட்டத்தின் கல்லெறிக்குக் கையளிக்கிறார்.

இக்கதைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. காஷிராம் 1777 முதல் புனேயின் கோத்வால். 1791 ஆகஸ்டில் தெற்கிலிருந்து வந்த தெலுங்குப் பிராமணர் சிலரை அவன் ஆட்கள் ஓர் இடுக்கான அறையில் அடைத்துவைத்தனர். அவர்களில் இருபது பேருக்குமேல் மூச்சுத்திணறி இறந்தனர். ஆகஸ்ட் 31 அன்று கூட்டம் காஷிராமைக் கல்லால் அடித்துக் கொன்றது. 1863-ஆம் ஆண்டிலேயே மொரோபா கான்ஹோபா இப்பொருளில் ஒரு மராத்தி உரைநடை நூல் எழுதினார். தெண்டுல்கர் தம் நாடகத்தை வரலாற்று நாடகம் என்று ஒருபோதும் கூறவில்லை. அதிகாரம் தன் தேவைக்கு ஒரு கொடியவனை உருவாக்கிப் பின் அவனையே பலியிடுவது எக்காலத்துக்கும் உரிய கதை என்பதே அவர் நிலை.

வடிவத்தில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பன்னிருவரும் ஒரே மூச்சில் அபங்கமும் லாவணியும் பாடுகின்றனர். அபங்கம் துக்காராம் மரபின் பக்திப் பாடல். லாவணி சிற்றின்பச் சுவை மிகுந்த ஆட்டப்பாடல். கீர்த்தனைக் கூடத்துக்குச் செல்லும் கால்களே கணிகையர் குடியிருப்பான பாவன்னகாணிக்கும் செல்கின்றன. இரண்டு இசைகளும் ஒன்றோடொன்று உரசும்போது அவையோர் சிரிக்கின்றனர். இன்னொரு காட்சியில் கோவிலில் ஓர் இளம்பெண்ணை நானா நெருங்குகிறார். கணபதி பார்க்கிறாரே என்று அவள் அஞ்ச, சிலை யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்ற தொனியில் அவர் சமாளிக்கிறார். அவையோர் இங்கும் சிரிப்பர். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும். விரசம் இங்கே கேளிக்கையாகத் தொடங்கிச் சாட்சியமாக முடிகிறது.

மாவ்ஷியும் மேலைநாட்டு ‘டேம்’மும்

இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? தமாஷாவிலிருந்து. தமாஷா நிகழ்ச்சிக்கு ஒரு முறைமை உண்டு. முதலில் ‘கண்’ என்னும் கணபதி வணக்கம். அடுத்தது ‘கவளண்’: கண்ணனும் அவன் தோழன் பேந்த்யாவும் பால் விற்கச் செல்லும் ஆய்ச்சியரை வழிமறித்துச் சீண்டுவார்கள். ஆய்ச்சியருக்குக் காவலாக வரும் கிழவி ‘மாவ்ஷி’, அதாவது சித்தி. அந்த வேடத்தை எப்போதும் ஆடவரே தாங்குவர். மாவ்ஷியின் வாயில் வருவதெல்லாம் இருபொருள்பட்ட பேச்சு. அதன்பின் லாவணிகள், கடைசியில் ‘வக்’ எனப்படும் கதைப்பகுதி. அதில் ‘சோங்காட்யா’ என்ற விகடன் அரசனையும் கோத்வாலையும் அவையோரையும் பாகுபாடின்றிக் கிண்டல் செய்வான்.

பிரித்தானியரின் ‘பாண்டோமைம்’ மரபை அறிந்தவர்கள் இங்கே ஓர் ஒப்புமையைக் காண்பர். அங்கும் பருத்த நடுவயதுப் பெண்ணாக ஓர் ஆடவரே வருவார். அவ்வேடத்துக்கு ‘டேம்’ என்று பெயர். குழந்தைகளுக்குத் தேவதைக் கதையாகவும் பெற்றோருக்கு வேறு பொருளாகவும் அவர் பேச்சு ஒலிக்கும். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் இதே குடும்பத்தைச் சேர்ந்தவன். புராணக் கதையின் நடுவே நின்றுகொண்டு ஊர்ப் பெரியதனக்காரரைக் கேலி செய்வதும், இரவு ஏற ஏறப் பேச்சில் பச்சை கூட்டுவதும் அவனுக்கு விதிக்கப்பட்ட உரிமைகள். ஆக, பெரியவர்களுக்கான விரச விகடம் உலகின் பல அரங்குகளில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எவர் வரைகிறார் என்பதே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

மராட்டியத்தில் அந்த எல்லையைச் சாதி வரைந்தது. லாவணி எழுதியவர்கள் பல சமூகத்தினர்: ராம் ஜோஷியும் அனந்த பந்தியும் பிராமணர், சகன்பாவூ இசுலாமியர், பரசுராம் தையற்காரர், ஹோனாஜி ஆயர். ஆனால் தமாஷா மேடையில் உடலைக் காட்டி ஆடியவர்கள் பெரும்பாலும் மஹார், மாங், கோல்ஹாட்டி சமூகத்தினர். தொடக்கத்தில் பெண்வேடம் பூண்ட சிறுவர்களும் இளைஞர்களும் ஆடினர்; பின்னர்ப் பெண்களே வந்தனர். பிராமணரான பட்டே பாபுராவும் மஹார் பெண்ணான பவளா ஹிவர்காவ்கரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமாஷாவின் புகழ்பெற்ற இணையர். பாபுராவ் தமாஷாவுக்காகத் தம் சாதியையே இழக்க நேர்ந்தது. அந்த விலையே மேடையின் எல்லை எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும்.

பேஷ்வாக்களின் புனே இக்கலையின் பெரும் புரவலராக இருந்தது. இரண்டாம் பாஜிராவ் காலத்தில் லாவணி செழித்தது. அதே பேஷ்வா ஆட்சியில் அடிமைப் பெண்கள் வாங்கவும் விற்கவும் பட்டனர் என்பதையும், லாவணியின் சிற்றின்பப் பெண்ணுரு அந்தச் சூழலில் உருவாக்கப்பட்டது என்பதையும் புனேப் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் சர்மிளா ரெகே 1995-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். இந்தப் பின்னணியில் கௌரியின் கதை கற்பனையாகத் தோன்றவில்லை. தந்தை பதவி வாங்குகிறான். மகள் அதன் விலை.

கீசகன் யார்?

புனே அவையோருக்கு இன்னொரு பயிற்சியும் இருந்தது: காமத்தை அரசியலாகப் படிக்கும் பயிற்சி. ‘கேசரி’ இதழின் எழுத்தாளரும் திலகரின் அணுக்கருமான கே.பி. காடில்கர் 1907-இல் ‘கீசக வதம்’ என்ற நாடகத்தைத் தந்தார். விராடன் அவையில் திரௌபதியை இச்சித்த கீசகன் அந்நாடகத்தில் கர்சன் பிரபுவின் சாயலில் வந்தான். திரௌபதி பாரதநாடு, தருமர் மிதவாதி, வீமன் தீவிரவாதி. அவையோர் குறிப்பறிந்து ஆரவாரித்தனர். பிரித்தானிய அரசும் குறிப்பறிந்தது. 1910-இல் அந்நாடகம் தடை செய்யப்பட்டது.

தடைக்குக் கருவியாக இருந்தது 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துகைச் சட்டம். வேல்ஸ் இளவரசரின் வருகையைக் கேலி செய்த ஒரு வங்காளப் பிரகசனத்துக்குப் பிறகு கொண்டுவரப்பட்ட சட்டம் அது. அவதூறு, அரச நிந்தனை, ஆபாசம் ஆகியவற்றை ஒரே பட்டியலில் அடுக்கி வைத்தது என்பதில் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. அரசியல் காரணத்துக்காக நிறுத்த விரும்பும் நாடகத்தை ஒழுக்கத்தின் பெயரால் நிறுத்தலாம். ஒழுக்கம் பற்றிய முணுமுணுப்பை அரசியல் குற்றமாக உயர்த்தலாம்.

1907-இல் மேடையில் காமுகன் அயலான். எனவே அவனுடைய காமத்தைக் காட்டுவது நாட்டுப்பற்று. 1972-இல் காமுகன் நம் நகரத்தான், நம் பெருமைக்குரியவன். எனவே அதைக் காட்டுவது வரலாற்றுத் துரோகம். அரங்கக் கருவி ஒன்றே: ஆள்வோனின் இச்சை, ஆளப்படுவோரின் உடல். கீசகனுக்காகக் கைதட்டிய மரபே நானாவுக்காகச் சினந்தது.

இதற்கு இன்னொரு சான்று காலத்தால் மிக அருகில் இருக்கிறது. 1965-இல் வசந்த் சப்னீஸ் எழுதிய ‘விச்சா மாஜீ புரீ கரா’ என்ற லோகநாட்யம் மேடையேறியது. தாதா கோண்ட்கே நடித்தார். அதிலும் அரசன் உண்டு, கோத்வால் உண்டு, ஆடலழகியின் வலையில் விழும் அதிகாரிகள் உண்டு. இருபொருள் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் திரண்டு வந்து பார்த்தன. ஆயிரம் முறைக்குமேல் அது நடிக்கப்பட்டது. அந்தக் கோத்வாலுக்குப் பெயர் இல்லை. அந்த அரசனுக்கு ஊர் இல்லை. பெயரில்லாத கோத்வாலைப் பார்த்து நகரமே சிரித்தது. ஏழாண்டுகள் கழித்து, பெயர் சொல்லப்பட்டபோது சிரிப்பு வழக்காயிற்று.

1948: நிறுத்தப்பட்டவர்கள்

இனி இக்கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ‘காஷிராம் கோத்வால்’ தடைபட்டதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன், 1948-இல், பி.ஜி. கேர் தலைமையிலான பம்பாய் அரசு தமாஷாவையே தடை செய்தது. காரணம்: ஆபாசம். பிறகு சீர்திருத்தக் குழு அமைந்தது. எழுத்துப் பிரதியை முன்கூட்டியே ஒப்படைத்து அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனைகளோடு தமாஷா திரும்பிவந்தது. ‘தமாஷா’ என்ற சொல்லே கறைபட்டதாகக் கருதப்பட, ‘லோகநாட்யம்’ என்ற தூய்மையான பெயர் பரவலாயிற்று. மாங் சமூகத்தில் பிறந்த பொதுவுடைமையர் அண்ணாபாவ் சாதே அப்பெயரின் கீழ் தமாஷாவை உழைப்பாளர் அரசியலின் மேடையாக மாற்றினார். ஆனால் சீர்திருத்தத்தின் பொதுப்போக்கு வேறு திசையில் சென்றது: வடிவம் நடுத்தர வர்க்கத்துக்கு நகர்ந்தது; அதை உடலில் சுமந்தவர்கள் வெளியே நின்றனர்.

1948-க்கும் 1972-க்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். 1948-இல் தடைபட்டவர்களுக்கு மேடையே வயிறு. தடை நீடித்த நாள்களில் அவர்களுக்கு வேறு வருவாய் இல்லை. அவர்கள் சார்பில் கருத்துரிமை பற்றிய தலையங்கங்கள் பெருகவில்லை. ‘கலைஞர்’ என்ற சொல்கூட அவர்களுக்கு எளிதில் வழங்கப்படவில்லை. 1972-இல் தடைபட்டவர்கள் மருத்துவர்கள், ஆய்வாளர்கள், அலுவலர்கள். பி.டி.ஏ. வேண்டாம் என்றதும் அவர்களால் வெளியேறி இன்னோர் அமைப்பை நிறுவ முடிந்தது. மறுநாள் காலை வேலைக்குச் செல்லவும் முடிந்தது. மேடைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்ததால் மேடையில் இடர் ஏற்க முடிந்தது.

மராத்தியில் பயில்முறை அரங்கை ‘ஹௌஷீ ரங்கபூமி’ என்பர். விருப்பத்துக்காகச் செய்யும் நாடகம். விருப்பத்துக்காகச் செய்வது எல்லோருக்கும் வாய்ப்பதன்று. தமிழ்நாட்டிலும் இதையே காண்கிறோம். 1891-இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் நிறுவிய சுகுண விலாச சபை வழக்கறிஞரும் அலுவலரும் படித்தோரும் கூடிய பயில்முறை அவை. அதே மேடைக் கலையை வயிற்றுக்காகச் செய்தவன் ‘கூத்தாடி’ என்று இழிக்கப்பட்டான். சபை உறுப்பினர் ‘கனவான்’ ஆனார். ஆடவர் பெண்வேடம் பூணுவது இருவர்க்கும் பொது. மதிப்பு மட்டும் வேறு.

இதைச் சொல்வதால் தியேட்டர் அகாடமியினரின் துணிவைக் குறைத்து மதிப்பிடவில்லை. 1980-இல் ஐரோப்பியப் பயணத்துக்கு அழைப்பு வந்தபோது சிவசேனை கடுமையாக எதிர்த்தது. விவகாரம் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்றது. நிகழ்ச்சிக்கு முன் விளக்க அறிவிப்பு ஒன்று வாசிக்கப்படும் என்ற ஏற்பாட்டோடுதான் நாடகம் அங்கே மேடையேறியது. மிரட்டல்களுக்கு நடுவே, ஊதியம் ஏதுமின்றி, சொந்தத் தொழில்களை நிறுத்திவைத்துச் சென்றவர்கள் அவர்கள். அந்தத் துணிவின் பயன் தமிழுக்கும் ஒருவகையில் வந்தது: 1976-இல் இந்நாடகம் யுக்த் திரைப்படக் கூட்டுறவின் வழியாகப் படமானபோது மணி கௌல், சயீத் மிர்ஸா முதலியோருடன் அதன் கூட்டு நெறியாளராக இருந்த கே. ஹரிஹரன் பின்னர்த் தமிழில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்தார். ஓம் புரியின் முதல் திரைப்படமும் அதுவே.

நான் வலியுறுத்த விரும்புவது வேறு. அந்தப் பன்னிருவர் பாடிய லாவணி கடன் வாங்கியது. கொடுத்தவர்களின் பெயர் விளம்பரத்தாளில் இல்லை. நாட்டார் வடிவங்களை நவீன அரங்கு மீட்டெடுத்த அந்தக் காலத்தை ‘வேர்களின் அரங்கு’ என்று சுரேஷ் அவஸ்தி பெயரிட்டார். வேர்கள் மண்ணுக்குள் இருந்தன. மலர்கள் மட்டும் அழைப்பிதழ் பெற்றன. ஷைலஜா பாய்க் 2022-இல் வெளியிட்ட ‘சாதியின் விரசம்’ என்ற பொருள்படும் ஆங்கில நூல், தமாஷாப் பெண்களின் வாழ்க்கையை முன்வைத்து, ‘அஷ்லீல்’ என்ற சொல் ஒரு செயலைக் காட்டிலும் ஒரு மக்கள்கூட்டத்தின் மேல் ஒட்டப்பட்ட முத்திரையாக இயங்கியதைக் காட்டுகிறது. அந்த நூலின் வெளிச்சத்தில் ‘காஷிராம் கோத்வா’லை மறுபடி படித்தால் இரண்டு உண்மைகள் ஒருங்கே தெரிகின்றன.

முதலாவது, அந்நாடகம் முத்திரையை இடம்மாற்றியது. இருநூறு ஆண்டுகளாகக் கோல்ஹாட்டிப் பெண்ணின் இடுப்பில் இருப்பதாகச் சொல்லப்பட்ட விரசம், முதல் வரிசையில் அமர்ந்து பார்த்த கண்களில் இருந்தது என்று அது காட்டியது. அங்கவஸ்திரமும் குடுமியுமாகப் பன்னிருவர் லாவணி பாடியபோது, ஆட்டக்காரியைப் பார்த்த பார்வை திரும்பிப் பார்த்தவர் மேலேயே விழுந்தது. நகரம் சினந்ததன் உட்பொருள் இதுவே என்று கருதுகிறேன்.

இரண்டாவது, அந்த இடமாற்றத்திலும் பெண்ணுக்குக் குரல் கிட்டவில்லை. கௌரிக்கு நாடகத்தில் பேச்சு மிகக் குறைவு. அவள் ஆடுகிறாள், மறைகிறாள், இறந்த செய்தி வருகிறது. ஆண்களின் ஆசையையும் ஆண்களின் பழியுணர்வையும் ஆண்களின் சுவர் சுமந்து நிற்கிறது. அச்சுவருக்குப் பின்னால் நடந்ததை அவள் வாயால் கேட்க நமக்கு வாய்ப்பில்லை. நாடகம் ஆணாதிக்கத்தை அம்பலப்படுத்துகிறதா, அதன் இலக்கணத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறதா என்று வகுப்பறையில் விவாதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

தஞ்சை வழியாக ஒரு திரும்பல்

இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியரோடு லாவணியும் காவிரிக் கரைக்கு வந்தது. இங்கே அது காமன் பண்டிகையோடு சேர்ந்தது: சிவன் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று ‘எரிந்த கட்சி’யும் ‘எரியாத கட்சி’யும் இரவெல்லாம் வாதாடிப் பாடும் தமிழ் லாவணி உருவானது. காமம் அழிந்துவிட்டதாக நம்பும் சமூகத்துக்கும், அது உடலின்றி எங்கும் இருப்பதாக அறிந்த சமூகத்துக்கும் இடையிலான வழக்காக இதை வாசிக்கலாம். அந்த வகையில் புனேயின் நாடகமும் ஓர் எரியாத கட்சிதான்.

அதே தஞ்சையில் மராட்டிய மன்னர் ஷாஹஜி, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவர், தெலுங்கில் ‘சதீதான சூரமு’ என்ற யட்சகானம் இயற்றினார். மன்னார்குடித் திருவிழாவில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் ஒருத்தியின்மேல் மோகம் கொண்ட பிராமணப் பண்டிதரும், அவரைத் தடுக்க முயலும் சீடனும் அதன் நாயகர்கள். சாத்திரமும் காமமும் அதில் ஒருவரை ஒருவர் நையாண்டி செய்கின்றன. மன்னர் எழுதினார், அரசவை சுவைத்தது, எவர் புகழும் கெட்டதாக எவரும் கருதவில்லை. விரசத்தை எழுதும் கை அரியணையில் இருந்தால் அதன் பெயர் ‘பிரபந்தம்’.

அந்தக் கை வேறிடத்தில் இருந்தால்? 1954-இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடக நிகழ்த்துகைச் சட்டத்தை இயற்றியது. எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் கொண்டே அது பிறந்தது என்று நாடக வரலாற்றாளர்கள் கருதுவர். ராதா தொழில்முறைக் கலைஞர். சிறுவயது முதல் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர். தடையையும் சிறையையும் தம் உடலால் எதிர்கொண்டவர். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தது. வழக்குத் தொடுத்தவர் ‘பரீக்ஷா’ என்ற பயில்முறைக் குழுவை நடத்திய ஞாநி. இங்கும் தொழில்முறைக் கலைஞர் அடிபட்ட சட்டத்தைப் பயில்முறைக் கலைஞர் நீதிமன்றத்தில் வீழ்த்தினார். பயில்முறை அரங்கின் சலுகை வீணாகப் பயன்படவில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கடன் வாங்கியவர் கடனைத் திருப்பித் தர ஒரு வழியும் இது.

மராட்டியத்தில் அந்தக் கடன் இன்னும் நிலுவையில் உள்ளது. 2005-இல் மாநில அரசு மதுக்கூட நடனங்களைத் தடை செய்தது. வேலையிழந்த பெண்களுள் பரம்பரையாக ஆடிவந்த சமூகத்தினர் கணிசமானோர். அதே அரசு, விண்மீன் விடுதிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஒரே ஆட்டம், கட்டணச்சீட்டின் விலையைப் பொறுத்து அது கலையாகவோ குற்றமாகவோ ஆயிற்று. இந்தப் பாகுபாட்டைச் சுட்டியே உயர்நீதிமன்றம் 2006-இலும் உச்சநீதிமன்றம் 2013-இலும் தடையை ஏற்க மறுத்தன. 1948-இன் வாதம் சட்டப்புத்தகத்தின் வேறொரு பக்கத்தில் அப்படியே திரும்பி வந்திருந்தது.

நாடக வரலாறு படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆவணக் காப்பகத்தில் தணிக்கைக் கோப்பு ஒன்றைத் திறக்கும்போது, ‘ஆபாசம்’ என்ற சொல் கண்ணில் பட்டவுடன் அதைக் காரணமாகக் குறித்துக்கொண்டு அடுத்த தாளுக்குச் செல்லாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேடையில் நின்ற உடல் எந்தச் சாதியினது, எந்தப் பாலினது? கேலிக்கு ஆளானவனுக்குப் பெயர் இருந்ததா? நாடகம் நின்றுபோன மறுநாள் ஆடியவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா? முதலிரு கேள்விகளுக்கு நாடகப் பிரதியிலும் செய்தித்தாளிலும் விடை கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் கோப்பில் இராது. அதைத் தேடித்தான் நாம் நாராயண்காவ் முதல் தஞ்சைவரை ஆடியவர்களின் ஊர்களுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. 1972-இல் புனேயில் பத்தொன்பது காட்சிகளோடு நின்ற நாடகத்தின் வரலாறு நம்மிடம் நிறைவாக உள்ளது. 1948-இல் நின்றுபோன ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணி வைத்தவர் எவருமில்லை.